ஏல வீட்டு நெல்

வீடு வாங்குவதில் என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு அவசரம். சிங்கப்பூரில் ஊரான் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டிவிட்டுத் திரும்பி வந்தவர், தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று நினைத்தது நியாயம்தான். அதற்காக உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு வீட்டை யாராவது ஏலம் எடுப்பார்களா? பிரபு எடுத்தார். வங்கி போட்ட விளம்பரத்தில் 'உள்ளது உள்ளபடியே' என்று, பின்னால் யாரும் குறை சொல்லி வர முடியாதபடி ஒரு வரி இருந்தது. அதை நான் அவருக்குச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன்.

"எல்லா ஏலத்துலயும் அப்படித்தான் போடுவாங்க ஈஸ்வரி" என்றார். வெண்டைக்காய் வாங்கப் போனால் ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்க்கிற மனுஷன் இவர்.

வீடு தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகிற வழியில், கல்லணைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. வீரையன் என்கிற விவசாயி கட்டிய மாடி வீடு. வீட்டை அடமானம் வைத்து வயலில் போர்வெல் போட்டிருக்கிறார். தண்ணீர் வந்தது, விளைச்சல் வரவில்லை. கட்ட முடியாமல் போய் வங்கி சீல் வைத்துவிட்டது. அவரும் அவர் மனைவி நாகம்மாளும் அதே ஊரில் மச்சான் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு இருந்தார்கள். "ஏல வீடு வயித்தெரிச்சல் வீடுடி, வேணாம்" என்று என் அத்தை தலைதலையாக அடித்துக்கொண்டாள். வயிற்றெரிச்சலுக்கு வங்கி தள்ளுபடி தருகிறதே என்று நான்தான் அன்றைக்குக் கிண்டல் செய்தேன். வாய் எனக்கு எப்போதும் கொஞ்சம் நீளம்.

ஆடி மாதத்தில் சாவி வாங்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வங்கிக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான். அவர்கள் ஆள் வந்து சீலை உடைத்துக் கதவைத் திறந்தார். ஊறப்போட்டு மறந்துபோன துணியின் நாற்றம் முகத்தில் அடித்தது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பூட்டியே கிடந்த வீடு. மொட்டைமாடியில் தண்ணீர் போகும் குழாயை இலை அடைத்து, தேங்கியதெல்லாம் கூரை வழியாக இறங்கித் தரையில் நின்றிருந்தது. சுவரெல்லாம் இடுப்பளவு ஓதம். அதற்கு மேலே கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூசணம். கதவு, அலமாரி, சாமி மாடம் என்று ஒரு இடம் பாக்கியில்லை. பிரபு சுவரில் விரலை வைத்து இழுத்தார். விரல் கறுப்பாக வந்தது.

"பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்" என்றார். சொல்லும்போதே அவருக்கே நம்பிக்கை இல்லை என்று குரலில் தெரிந்தது.

கொல்லைப் பக்கத்து அறையைத் திறந்த பிறகுதான் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. அறை நிறைய நெல் மூட்டைகள். சுவரை ஒட்டி இருந்தவற்றில் சாக்கே மக்கிக் கிழிந்திருந்தது. உள்ளே நெல் முளைத்து, முளைத்ததும் செத்து, வெல்லக்கட்டி போல இறுகிக் கிடந்தது. மேலே பச்சையும் கறுப்புமாகப் பூசணம். நடுவில் இருந்த மூட்டைகள் மட்டும் பார்வைக்கு முழுசாக இருந்தன. பிரபு ஒன்றைக் கையால் அசைத்தார். பச்சையாக ஒரு புழுதி கிளம்பியது. எனக்கு அப்போதே இளைப்பு வந்துவிட்டது. வாசலுக்கு ஓடிவந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். வாங்கின வீட்டுக்குள் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லையே என்று அழுகை வந்தது. அழவில்லை, திட்டினேன்.

வேலைக்குப் பேசியிருந்த கொத்தனார் ஜாஃபர் சாதிக் வந்து சுற்றிப் பார்த்தார். "சொவரு வேலய அப்பறம் பாக்கலாம் சார். மொதல்ல அந்த மூட்டைங்கள அப்புறப்படுத்துங்க. அது உள்ள இருக்குற வரைக்கும் என்ன அடிச்சாலும் நிக்காது. கொல்லையில ஒரு குழி வெட்டிப் பொதைச்சிடலாம்."

"நெல்லக் குழியில போடுறதா?" என்று பிரபு திடுக்கிட்டுப்போய்க் கேட்டார்.

இதை நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர் சிங்கப்பூர் போவதற்காக இவருடைய அப்பா நிலத்தை விற்றார். அன்றையிலிருந்து இவர் வயலில் கால் வைத்ததில்லை. ஆனால் தரையில் ஒரு நெல் கிடந்து மிதித்துவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நிலம் இருக்கிறவன் நெல்லை மூட்டைக் கணக்கில் பார்ப்பான். நிலத்தை விட்டவனுக்குத்தான் அது முழுக்க முழுக்கச் சாமி. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போய் வந்த பலரையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் வரவில்லை.

"நான் வீரையன். வீட்டக் கேட்டு வரல தம்பி. அது முடிஞ்சுபோச்சு. உள்ள எங்க நெல்லு கெடக்கு, அதைக் கேக்கத்தான் வந்தேன்."

பிரபு அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். தான் கட்டிய வீட்டு வாசலில் அந்த மனிதர் விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்தார்.

"போன வருசம் குறுவை அறுக்கவும் மழை புடிச்சுக்கிச்சு. ஈரப்பதம் ஜாஸ்தின்னு கொள்முதல் நெலையத்துல எடுக்கல. வெயில் அடிச்சதும் காய வச்சுக் கொண்டு போவலாம்னு உள்ள அடுக்குனோம். அதுக்குள்ள பேங்க்லேர்ந்து வந்துட்டாங்க. எடுத்துக்கங்கன்னுதான் சொன்னாங்க. கொட்டுற மழையில எங்க கொண்டுபோயி வக்கிறது?"

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. நேரே அந்த அறைக்குப் போனார். நடு மூட்டை ஒன்றில் கையை விட்டு நெல்லை எடுத்து, மோந்து, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். "ஓரத்து மூட்டை போயிடுச்சு. நடுவுல உள்ளது மனுசனுக்கு ஆவாது. நல்லா காய வச்சு, கஞ்சி காச்சி ஊத்துனா மாட்டுக்கு ஆவும் தம்பி" என்றார்.

"தாராளமா எடுத்துக்கங்கண்ணே" என்றார் பிரபு.

நான் பிரபுவைக் கண் ஜாடை காட்டிப் பின்பக்கம் கூப்பிட்டேன். "இன்னிக்கு நெல்லுன்னு வருவாரு. நாளைக்கு அந்த ஜன்னலு தேக்கு, நான் வாங்கிப் போட்டதும்பாரு. அப்பறம் வாசப்படியில வந்து உக்காந்துக்குவாரு. ஒரு தடவ உள்ள விட்டீங்கன்னா ஆயுசுக்கும் அனுப்ப முடியாது. ஜாஃபர் பாய் சொன்ன மாதிரி குழியில போட்டு மூடுங்க."

"அவரு நெல்ல அவருகிட்ட குடுக்குறதுக்கு இவ்வளவு யோசனையா?"

"குடுங்க குடுங்க. கடைத் தேங்காய எடுத்து வழிப் புள்ளையாருக்கு ஒடைங்க."

அவர் முகம் சுண்டிவிட்டது. நான் சொன்னதில் உண்மை இருந்தது. குழி வெட்டும் கூலி மிச்சம், புண்ணியமும் வந்து சேரும். ஆனாலும் அவர் மனசார இரங்கித்தான் கொடுத்தார். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

வீரையன் மச்சானுடைய டிராக்டரைக் கொண்டுவந்தார். பிரபுவும் கூட நின்று மூட்டைகளை ஏற்றினார். முகத்தில் மாஸ்க், கையில் ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. சிங்கப்பூர்ப் பழக்கம். எனக்கும் ஒரு மாஸ்க் கொடுத்து, "கிட்ட வராத, இந்தப் பூசணம் நெஞ்சுக்கு ஆகாது" என்று விரட்டினார். இரண்டு பேரும் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தோம். எங்கள் மூச்சுக்கே ஆகாத ஒன்று மாட்டின் வயிற்றுக்குப் போனால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வீரையன் வெறுங்கையால் தூக்கினார். கிளம்பும்போது எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

அதற்குப் பிறகு பிரபுவுக்கு ஊரில் ஏக மரியாதை. டீக்கடையில் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள், தங்கமான மனுஷன் என்கிறார்கள் என்று வந்து சொல்வார். சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார். நானும் அப்போது, நாம்தான் கொஞ்சம் அல்பமாக நடந்துகொண்டோமோ என்று நினைக்க ஆரம்பித்தேன்.

வீட்டு வேலை நடந்தது. அடைத்த குழாயைப் பிரித்து மாற்றினார்கள். ஓதம் ஏறிய பூச்சையெல்லாம் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தார்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, ஜன்னல் கதவையெல்லாம் திறந்துபோட்டுக் காயவிட்டு, மறுபடி பூசணம் வராமலிருக்கச் சுண்ணாம்பில் மயில்துத்தம் கலந்து அடித்தார்கள். சுவர் முழுசாகக் காய்ந்த பிறகுதான் மேல்பூச்சு என்று ஜாஃபர் பாய் பிடிவாதமாக இருந்தார். வேலை ஆட்களுக்கு டீ போட நாகம்மாள் தினமும் ஒரு சொம்பு பால் கொண்டுவந்து கொடுத்தாள். கேட்டுத் தூண் மேல் வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். அவளும் உள்ளே வரமாட்டாள். காசு கொடுத்தால் வாங்கவும் மாட்டாள்.

"நெல்லு குடுத்தீங்கல்ல தங்கச்சி. எங்க மாடு செவலை தெனம் ரெண்டு வேளை கஞ்சி குடிக்கிறா. அவ குடுக்குற பாலுதான்."

ஒரு நாள் சொம்பைத் திருப்பிக் கொடுக்க நானே கொட்டகைக்குப் போனேன். ஓலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இவர்கள் படுக்கை, இந்தப் பக்கம் மாடு. செவலை நல்ல உயரமான கலப்பின மாடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தார்ப்பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் பெரிய குண்டானில் கஞ்சி கொதித்தது. சொசைட்டிக்கு ஊற்றும் பாலில்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடு என்று நாகம்மாள் சொன்னாள். மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, "இப்ப எங்களுக்கு இவ மடிதான் பேங்கு. இது சீல் வக்காது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளோடு எனக்கு அன்றைக்குத்தான் மனசு ஒட்டியது. அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

ஆவணி முடியும்போது சொம்பில் பால் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. நான் முதலில், உறவு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி முதலில் அந்தப் பக்கம்தான் போகும். பிறகு வீரையனே வேலை நடக்கிற இடத்துக்கு வந்தார்.

"செவலை தீனி எடுக்க மாட்டேங்குது தம்பி. பாலு வத்திப்போச்சு. கழிச்சலா இருக்கு. கைவைத்தியம் பண்ணிப் பாத்துட்டேன், கேக்கல. ஒரத்தநாட்டுல தெரிஞ்ச மாட்டு டாக்டரு யாராச்சும் இருக்காங்களா?"

பிரபு உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு டாக்டரம்மாவை அழைத்து வந்தார். நானும் கூடப் போனேன். செவலை படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது. டாக்டரம்மா அதன் இமையைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் பூத்திருந்தது.

"என்ன தீனி போடுறீங்க?"

நாகம்மாள் குண்டானைக் காட்டினாள். மூலையில் பாதி மூட்டை நெல் இருந்தது. டாக்டரம்மா அதில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டு உதறினார்.

"இது பூஞ்சை புடிச்ச நெல்லு. அந்தப் பூஞ்சை விஷம் வைக்கும். வெயில்ல காய வச்சாலும் போவாது, காச்சினாலும் போவாது. கொஞ்சம் கொஞ்சமா ஈரலத் தின்னுடும். இனிமே ஒரு மணி உள்ள போகக் கூடாது. ஊசி போடறேன். ஆனா ரொம்ப லேட்டா கூப்பிட்டிருக்கீங்க."

நாகம்மாள் துணியைச் சுற்றிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலோரம் கொட்டினாள். கோழி அதைக் கொத்த வந்தது. அதைக் கல்லெடுத்து விரட்டினாள். பிரபு அந்தப் பாதி மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எங்கள் வீட்டிலிருந்து அவர் கையால் ஏற்றிவிட்ட மூட்டை.

மருந்துக்கும் குளுக்கோஸுக்கும் தினமும் பிரபுதான் ஓடினார். வீட்டு வேலைப் பக்கமே போகவில்லை. செவலைக்கு வாயில் குழாய் வைத்து மருந்து ஊற்றும்போது தலையைப் பிடித்துக்கொள்வது இவர்தான். ஒரு நாள் எழுந்து நின்றது. நாகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வேண்டாத சாமி இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் படுத்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

புரட்டாசி வெயிலில் அதைக் கொல்லைக் கோடியில் புதைத்தார்கள். மண் தள்ளும்போது நாகம்மாள் சத்தம் போட்டு அழவில்லை. கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து எடுத்து, சுருட்டி, கொட்டகைக் கூரையில் சொருகினாள்.

நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குத் திரும்பியதும் பிரபு சாப்பிடவில்லை. "நீ அப்பவே சொன்ன ஈஸ்வரி" என்றார். "நான் கேக்கல."

குழியில் போடச் சொன்னது நான்தான். ஆனால் மாடு செத்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லையே. அந்த மனிதர் எங்கள் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். இவர் நல்ல மனசோடு கெடுதல் செய்தார். நான் கெட்ட மனசோடு நல்லதைச் சொன்னேன். இதில் எதை எடுத்துச் சொல்லி நான் ஜெயிப்பது? இந்தக் குடும்பத்தில் நான் சொன்னதுதான் சரி என்று ஆகிற நாளுக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தேன். அந்த நாள் இப்படி வந்திருக்க வேண்டாம். "சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு மாடு வாங்கும் அளவுக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கொட்டகைக்குப் போனோம். மாடு கட்டியிருந்த இடத்தை நாகம்மாள் கூட்டி மெழுகியிருந்தாள். இடம் பெரிதாகத் தெரிந்தது. பிரபு பணத்தைத் தட்டில் வைத்து நீட்டினார்.

வீரையன் தட்டைத் தொடவில்லை. "ஈர நெல்ல மூட்ட கட்டுனது நானு. கடிச்சுப் பாத்து ஆவும்னு சொன்னதும் நானு. நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க?"

"இல்லண்ணே, நான்தான் யோசிச்சிருக்கணும்."

"விடுங்க. ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. செவலைக்குப் பாம்பு தீண்டிருச்சுன்னு ஊருல சொல்லி வச்சிருக்கேன். டாக்டரம்மா சொன்னத நீங்களும் வெளியில சொல்லிடாதீங்க."

"ஏண்ணே?"

"அந்த வீட்டு நெல்லத் தின்னுதான் மாடு செத்துச்சுன்னு ஆயிட்டா, நாளைக்கு அது மாட்டக் காவு வாங்குன வீடும்பானுங்க. பேரு ஒட்டிக்கிச்சுன்னா போவாது. நீங்க புள்ளகுட்டியோட குடி போவப் போற வீடு." வீடு இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் கட்டுன வீடு தம்பி. அதுக்கு ஒரு கெட்ட பேரு வந்துடக் கூடாது" என்றார்.

அவர் எங்களைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட, பார், நான் நினைத்தது சரிதான் என்று மனசைத் தேற்றியிருப்பேன். அவர் அதற்கெல்லாம் இடமே வைக்கவில்லை. தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தோம். பிறகு எத்தனையோ வழியில் கொடுக்கப் பார்த்தோம். அந்த மனிதர் வாங்கவே இல்லை. இப்போது இரண்டு பேரும் நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போகிறார்கள்.

ஐப்பசியில் வீடு குடிபோனோம். சுவரெல்லாம் காய்ந்து, பளிச்சென்று இருந்தது. மூக்கை வைத்து மோந்து பார்த்தாலும் ஒரு வாசனை இல்லை. வீரையனும் நாகம்மாளும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். வீடு கைமாறிய பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாகம்மாள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். கூடத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். என் அத்தை விடுவாளா? வீரையன் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நேரே அவரிடமே போய் நின்றாள்.

"ஏல வீடுன்னு எனக்கு அடி மனசுல ஒரு பயமாவே இருக்குங்க. நீங்க இருந்தவங்க. தப்பா நெனைக்காம சொல்லுங்க. வீடு ராசி எப்படி?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பந்திக்கு இலை எடுத்துப் போய்க்கொண்டிருந்த பிரபு அங்கேயே நின்றுவிட்டார்.

வீரையன் அத்தையைப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப ராசியான வீடும்மா. இந்த வீட்டுல இருந்த வரைக்கும் எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. தைரியமா இருக்கச் சொல்லுங்க."

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேட்டாயா என்பது போல என்னைப் பார்த்தாள். நான் நாகம்மாளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் ஆமாம் என்று ஆட்டினாள்.